காலியான எலும்பும் கலங்கிய எலும்பும்

குழந்தைகளின் தொடை எலும்புக் கழுத்தில் வரும் தீங்கற்ற நோய்களுள் இரண்டை மட்டும் இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று எலும்பு நீர்க்கட்டி. மற்றொன்று ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு குடியேறும் நோய் என்பதால் அதை இக்கட்டுரை முழுவதும் நாரெலும்பு நோய் என்றே குறிப்பிடுகிறேன். முன்னதில் எலும்பு காலியாகிறது, பின்னதில் கலங்கிப்போகிறது. முன்னதில் ஊசியைச் செலுத்தினால் இளமஞ்சள் நீர் ஏறி வரும். பின்னதில் ஊசிக்கு எதுவும் வராது, சுரண்டி எடுத்தால்தான் விரலிடையே நறநறக்கும் வெளிறிய திசு கிடைக்கும். எக்ஸ்ரேயில் முன்னது எல்லை தெளிந்த கருமை. பின்னது தேய்த்த கண்ணாடியின் மங்கல்.

பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. ஒன்று குணமாகக்கூடியது, மற்றது குணமாகாதது என்பது அவற்றின் பழைய தீர்ப்பு. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அறுவை அரங்கில் நடந்ததைப் பார்த்தால், இரண்டுக்குமான சிகிச்சைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்திருப்பது புலப்படும். அந்த நகர்வில் குணமாகாத நோய்தான் குணமாகும் நோய்க்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதை இங்கே நிறுத்துப் பார்ப்போம்.

இரண்டும் வீட்டுக்குள் நுழையும் விதத்திலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. நீர்க்கட்டி பெரும்பாலும் ஓசையின்றி இருக்கும். பிள்ளை ஓடும், கபடி ஆடும், மாடிப்படியில் தாவும். ஒருநாள் சாதாரணமாக இடறி விழுந்ததற்கே தொடை முறிந்துவிடும். நாரெலும்பு நோய் அப்படி அறிவிப்பின்றி வருவது குறைவு. அது மாதக்கணக்கில் நொண்ட வைக்கும், சாயங்காலமானால் வலிக்க வைக்கும், ஒரு காலை மற்றதைவிடக் குட்டையாகக் காட்டும். முன்னது முறிக்கிறது, பின்னது வளைக்கிறது.

இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஒளிவிடம் உண்டு. இடுப்பு மூட்டின் வலியைப் பிள்ளைகள் முழங்காலில் உணர்வார்கள். இரண்டு மூட்டுகளுக்கும் கிளை தரும் நரம்பு ஒன்றே என்பதால் இது நேர்கிறது. முடிச்சூரிலோ சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு பையன் முட்டி வலிக்கிறது என்றால் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படம் சுத்தமாக இருக்கிறது. தைலம் தேய்த்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். முழங்கால் வலி என்று வரும் பிள்ளையின் இடுப்பை மருத்துவர் ஒருமுறை சுழற்றிப் பார்த்தால் இரண்டு நோய்களுக்குமான சந்தேகம் அங்கேயே எழக்கூடும். தென்சென்னைப் புறநகர்களின் சிறு கிளினிக்குகளில் காசே செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

முறிவோடு வரும் பிள்ளையைப் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போவதும் நம் பக்கத்து வழக்கம்தான். நல்ல எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டி வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நோய்ப்பட்ட கழுத்து முறிந்திருந்தால் கதை வேறு. இழுத்து நேர்படுத்தும் ஒவ்வொரு முயற்சியும் தொடை எலும்புத் தலைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சோதிக்கிறது. எக்ஸ்ரே இல்லாமல் இடுப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. இதில் இரண்டு நோய்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

தாம்பரத்துக்கு மட்டும் சிறப்பாகப் பொருந்தும் மூன்றாவது சந்தேகம் ஒன்றும் உண்டு. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1937-இல் அது அரசின் கைக்கு மாறியது. இடுப்பு மூட்டுக் காசநோயை எக்ஸ்ரே தோற்றங்களைக் கொண்டு வகைப்படுத்தியவர் சென்னையின் எலும்பு மருத்துவர் டி.கே. சண்முகசுந்தரம், அந்த வகைப்பாடு இன்றும் இந்திய எலும்பு மருத்துவ மாணவர்கள் படிப்பது. அத்தகைய மண்ணில் ஒரு குழந்தையின் தொடைக் கழுத்தில் ஓட்டை தெரிந்தால் அது கிருமி அரித்த ஓட்டையா என்று கேட்டே ஆக வேண்டும். ஆகையால் நீர்க்கட்டியோ நாரெலும்போ, உள்ளிருந்து எடுப்பதை இரண்டு புட்டிகளில் பிரித்து அனுப்புகிறார்கள். ஃபார்மலின் உள்ள புட்டி பயாப்ஸிக்கு. உப்புநீர் உள்ளது காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியைத் தேடும் வாய்ப்பு அங்கேயே செத்துவிடும்.

இனி, இந்த இரண்டு நோய்களுக்கும் இடையே நான் சற்றும் எதிர்பாராத உறவுக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை இரண்டும் ஒரே பெயரின் நிழலில் கிடந்தன. எலும்பில் நாரோ பள்ளமோ தெரிந்தால், எல்லாவற்றையும் ‘ஆஸ்டியைட்டிஸ் ஃபைப்ரோசா’ என்ற ஒரே மூட்டையில் கட்டினார்கள். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதால் வரும் எலும்பு நோயும் அதே மூட்டையில் இருந்தது. விளைவாக, நாரெலும்பு நோயாளிகள் சிலரின் தொண்டைப் பகுதியைத் திறந்து, ஒரு குற்றமும் செய்யாத சுரப்பியை எடுத்திருக்கிறார்கள். அந்த மூட்டையை அவிழ்த்தவர்கள் நியூயார்க்கின் ஹென்றி ஜாஃபேயும் லூயி லிக்டென்ஸ்டைனும். 1942-ஆம் ஆண்டு இந்த இருவரும் நீர்க்கட்டியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டு நாரெலும்பு நோயைப் பற்றி இன்னொன்று வெளியிட்டார்கள். முன்னதில் ஜாஃபேயின் பெயர் முதலில், பின்னதில் லிக்டென்ஸ்டைனின் பெயர் முதலில். ஒரே ஆய்வகம், ஒரே ஆண்டு, ஒரே இரட்டையர். சேர்ந்து கிடந்தவற்றைப் பிரித்த கைகளும் ஒன்றே.

பிரிந்த இரண்டும் மறுபடி நெருங்கியது மரபணுவில். நாரெலும்பு நோய்க்குக் காரணம் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில் நேரும் மாற்றம். அந்நோயின் பரவலான வடிவமாகிய மெக்கியூன்–ஆல்பிரைட் நோயில் அது 1991-இல் வெளிப்பட்டது. கருவுற்ற பிறகு, வளரும் கருவின் ஏதோ ஓர் உயிரணுவில் அந்த மாற்றம் நேர்கிறது; அதன் வழித்தோன்றல் உயிரணுக்கள் எங்கெங்கே போய்த் தங்குகின்றனவோ அங்கெல்லாம் நோய். நீர்க்கட்டியோ நெடுங்காலம் வெறும் குழாயடைப்பாகக் கருதப்பட்டது. சிரை ரத்தம் வடிய வழியின்றி அழுத்தம் கூடி எலும்பு கரைகிறது என்றார் கோஹென், 1960-இல். ஆனால் 2020 முதல் வந்த ஆய்வுகள் பல நீர்க்கட்டிகளின் உட்சவ்வில் என்.எஃப்.ஏ.டி.சி.2 என்ற மரபணு இடம் மாறி ஒட்டியிருப்பதைக் காட்டின. ஆக, குழாயடைப்பு என்று நினைத்ததும் ஒருவகைப் புதுவளர்ச்சிதான்.

ஆய்வகத்தைவிட வெளிநோயாளர் பிரிவில்தான் இந்தச் செய்திக்கு எடை அதிகம். “நான் மாசமா இருந்தப்போ ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?” என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. கிரகணத்தன்று வெளியே போனதையும் கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரையையும் மனத்துக்குள் சுமந்துகொண்டு கேட்கும் கேள்வி அது. இரண்டு நோய்களுக்கும் ஒரே விடை: இல்லை. இரண்டுமே பெற்றோரிடமிருந்து இறங்கி வந்தவை அல்ல, அடுத்த பிள்ளைக்குப் போகப்போகிறவையும் அல்ல. இந்த விடையைத் தயக்கமின்றிச் சொல்ல முடிவது, மற்ற கண்டுபிடிப்புகளுக்கு நிகரான பேறு என்றே கருதுகிறேன்.

ஓரிடத்தில் இரண்டும் தெளிவாக விலகுகின்றன. நீர்க்கட்டி ஓர் எலும்போடு நின்றுவிடும். அந்த மூட்டைப் பார்த்தால் போதும். நாரெலும்பு நோய்க்கு முழுப் பிள்ளையையும் பார்க்க வேண்டும். தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கின்றனவா, சிறு பெண் வயதுக்கு முன்பே பூப்படைந்தாளா, தைராய்டு எப்படி, ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். நோய்ப்பட்ட திசுவே பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும் பொருளைச் சுரக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் ஆபரேஷனுக்குப் போனால் மென்மையான எலும்பில் இரும்பைப் பொருத்தியதாகவே முடியும்.

இப்போது ஆபரேஷனுக்கு வருவோம்.

நீர்க்கட்டியின் சிகிச்சை வரலாறு, நிரப்புவதன் வரலாறு. காலியாக இருக்கிறது, ஆகவே நிரப்பு என்று கை தானாகவே நீள்கிறது. உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பை உள்ளே திணித்தார்கள். பிறகு ஃபுளோரன்ஸின் ஸ்காலியெட்டி 1979-இல் இன்னொரு வழியைச் சொன்னார்: திறக்கவே வேண்டாம், மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஊசியால் உள்ளே செலுத்துங்கள். வடு இல்லை, ஒட்டெலும்பு எடுத்த இடத்தில் வலி இல்லை. அதன்பின் பிள்ளையின் சொந்த எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். கால்சியம் சல்பேட் உருண்டைகளும், செயற்கை எலும்புத் துகள்களும் வந்தன. அமெரிக்காவில் டோர்மன்ஸ், சிறு துளை வழியே சுரண்டி, அழுத்தத்தை வடித்து, அந்த உருண்டைகளை நிரப்பும் முறையைப் பரப்பினார்.

நாரெலும்பு நோயிலும் முதலில் அதே கைதான் நீண்டது. சுரண்டினார்கள், பஞ்செலும்பை நிரப்பினார்கள். சில மாதங்கள் எக்ஸ்ரே வெண்மையாக, நம்பிக்கையூட்டுவதாக இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் வைத்த எலும்பு காணாமற்போய் அதே மங்கல் திரும்பிவிடும். கரையான் பிடித்த உத்திரத்தைக் கழற்றாமல் அதன்மேல் புதுப்பலகை அடித்தது போன்ற வேலை அது. உடலில் வைக்கப்பட்ட எந்த ஒட்டெலும்பும் மெல்லக் கரைந்து, அந்த இடத்து உயிரணுக்கள் கட்டும் எலும்பால் மாற்றீடு பெறுவது இயற்கை. இங்கே அந்த இடத்து உயிரணுக்களே மாறிப்போனவை; அவை கட்டுவதும் அதே நாரெலும்புதான். தொடை எலும்பின் மேற்பகுதியில் சுரண்டி ஒட்டெலும்பு வைத்தவர்களை நெடுநாள் தொடர்ந்து பார்த்துக் கில், குமார், மக்யூவன் ஆகியோர் 1998-இல் எழுதியதன் சாரம் இதுவே: வைத்த எலும்பெல்லாம் கரைந்துவிட்டது, நோய் ஓரிடத்திலும் அகலவில்லை.

இந்தத் தோல்வியிலிருந்துதான் ஒரு தெளிவு பிறந்தது. 1986-இல் என்னக்கிங்கும் கியரனும் தொடைக் கழுத்தில் பஞ்செலும்பை விட்டுவிட்டு, கெட்டியான எலும்பைத் தூணாக நிறுத்தினார்கள். கீழ்க்காலின் மெல்லிய எலும்பாகிய ஃபிபுலாவைக் கழுத்தின் நீளவாக்கில் செலுத்தி வைப்பது அந்த முறை. கெட்டி எலும்பு மிக மெதுவாகவே மாற்றீடு பெறும். அது கரையும் வரையிலாவது கழுத்து நிமிர்ந்து நிற்கும். நோயை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையை அவர்கள் கைவிட்டு, கழுத்து தாங்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள் என்று அதை நான் வாசிக்கிறேன். பின்னர் அந்தத் தூணின் வேலையை உலோகம் ஏற்றது. எலும்பின் முழு நீளத்துக்கும் உள்ளே செல்லும் ராடும், அதிலிருந்து கழுத்துக்குள் ஏறும் ஸ்க்ரூவும், இன்று நாரெலும்பு நோயில் முதன்மையான துணை.

இப்போது நீர்க்கட்டியின் பக்கம் திரும்பிப் பாருங்கள். நீர்க்கட்டி அதிகம் வருவது மேற்கையில்; அடுத்தது தொடையின் மேற்பகுதியில். தோளில் கை தொங்குகிறது. சில வாரம் தூக்கில் மாட்டிக் காத்திருக்கலாம். இடுப்பிலோ, பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் மூட்டின்மேல் உடல் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசை இறங்குகிறது. ஊசி போட்டுவிட்டு மாதக்கணக்கில் எலும்பு வளரக் காத்திருக்கும் இடைவெளியில் கழுத்து முறிந்தால், அந்த ஊசியின் மென்மைக்கு என்ன பொருள்? ஆகையால் தொடைக் கழுத்தின் நீர்க்கட்டியில் பல மருத்துவர்கள் நிரப்புவதோடு நிற்காமல் டைட்டானியம் நெகிழ்கம்பிகளையோ பிளேட்டையோ ஸ்க்ரூவையோ சேர்த்தார்கள். ஃபிபுலாவையும் இங்கே தூணாக நிறுத்தினார்கள். நாரெலும்பு நோய் கற்றுத் தந்த அதே தூண்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஸ்டீராய்டையும் மஜ்ஜையையும் ஒப்பிட்டு, எந்தக் குழுவில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. ரைட்டும் சக மருத்துவர்களும் செய்தது. எக்ஸ்ரேயில் கட்டி ஆறியது ஸ்டீராய்டுக் குழுவில் 42 விழுக்காட்டினருக்கு. மஜ்ஜைக் குழுவில் 23 விழுக்காட்டினருக்கு. எண்களில் ஸ்டீராய்டு வென்றது. ஆனால் வலியிலும், அன்றாட இயக்கத்திலும் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படம் ஒன்றைச் சொல்ல, பிள்ளையின் நடை இன்னொன்றைச் சொல்லியது. எக்ஸ்ரேயில் மீந்திருக்கும் சிறு வெற்றிடம் எல்லாம் தோல்வி அல்ல, சுற்றுச்சுவர் கெட்டியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் நீர்க்கட்டிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களிடமும் வலுத்தது. நாரெலும்பு நோயில் இது தொடக்கத்திலிருந்தே அளவுகோல். அங்கே படம் எந்நாளும் சுத்தமாகாது. வலியின்றி நடக்கிறாளா, கழுத்தின் கோணம் நிலைக்கிறதா என்பவையே கேள்விகள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கொடை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறு துளை வழியே வேலை முடிக்கும் பொறுமையும், குழந்தையின் வளர்ச்சித் தகட்டைத் தொடாமல் நெகிழ்கம்பியை நிறுத்தும் நுட்பமும், நீர்க்கட்டியில் பழகிய கைகளிலிருந்து நாரெலும்பு நோய்க்குப் போயிருக்கின்றன. மருந்தின் விஷயத்தில் மட்டும் பரிமாற்றம் நடக்கவில்லை. பாமிட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட்டுகள் நாரெலும்பு நோயாளிகள் சிலரின் வலியைக் குறைக்கின்றன. நோய்ப்பகுதியை அவை மாற்றிவிடும் என்று நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

முறிவைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கே எடுத்துப் பார்க்கலாம். நீர்க்கட்டி முறிந்தால் அந்த அதிர்ச்சியிலேயே கட்டி வடிந்து ஆறிவிடும் என்று சொல்வார்கள். அப்படி நேர்வது உண்டு, ஆனால் சிறுபான்மை. முறிவு கூடிவிடும், கட்டி நிற்கும். நாரெலும்பிலும் அப்படியே: முறிவு வியக்கத்தக்க வேகத்தில் கூடும், கூடிய எலும்பு நாளடைவில் நாரெலும்பாகவே மாறும். இரண்டிலும் முறிவு ஆறுவதும் நோய் ஆறுவதும் வெவ்வேறு. மாவுக்கட்டைப் பிரித்த அன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துத் தொடர்பை விட்டுவிடும் குடும்பங்கள் இரண்டு நோய்களிலும் உண்டு. அவர்களைத் திரும்ப வரவைப்பது அறுவைக்கு நிகரான வேலை.

கழுத்து என்ற அந்தச் சிறிய நிலப்பரப்பு இரண்டு நோய்களையும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. தலைக்குப் பின்புறமாக ஏறும் ரத்தக் குழாய்கள் மிக நுண்ணியவை. ஏறத்தாழ நான்கு வயது முதல் ஏழு வயது வரை வெளிப்புறக் குழாய்களை மட்டுமே தலை நம்பியிருக்கிறது என்று த்ருயேட்டா 1957-இல் காட்டினார். அவற்றில் காயம் பட்டால் தலை உயிரிழந்து நசுங்கும். தீங்கற்ற நோய்க்குச் செய்த சிகிச்சை அதைவிடப் பெரிய நோயைத் தந்துவிடும். வளர்ச்சித் தகடு இன்னொரு காவல். தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 30 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. நீர்க்கட்டி அந்தத் தகட்டை ஒட்டிக் கிடக்கும்போது மருத்துவர் இக்கட்டில் மாட்டுகிறார். முழுக்கச் சுரண்டினால் தகடு காயப்படும். அஞ்சி விட்டுவிட்டால் கட்டி திரும்பும். நாரெலும்பு நோயில் தகடு அவ்வளவாகத் தொந்தரவு தராது. அங்கே இக்கட்டு ராடு நுழையும் வாசலில் இருக்கிறது: பெரியவர்களுக்குச் செலுத்தும் குழிவழியே சிறுவருக்குச் செலுத்தினால் தலையின் ரத்த ஓட்டம் கெடும். ஆகவே வெளிப்புற மேட்டுப்பக்கத்திலிருந்து நுழைகிறார்கள். அகலம் பொருந்தாதபோது, பெரியவர்களின் மேற்கை எலும்புக்கென்று செய்த ராடைச் சிறுவரின் தொடைக்குப் பயன்படுத்துவதும் உண்டு.

ரத்தப் போக்கிலும் இரண்டும் ஒன்றல்ல. நீர்க்கட்டியைத் திறப்பதில் பெரும்பாலும் பெரிய இழப்பில்லை. நாரெலும்புத் திசுவில் குழாய்கள் அதிகம். சுரண்டும்போதும் வளைந்த எலும்பை வெட்டி நிமிர்த்தும்போதும் ரத்தம் வேண்டியிருக்கும். தானம் தர உறவினர்களை முன்கூட்டியே திரட்டும் பொறுப்பு நாரெலும்புப் பிள்ளையின் அப்பாவுக்கு வருகிறது.

வளைந்ததை நிமிர்த்துவது நாரெலும்பின் தனிப்பெரும் அத்தியாயம். குழந்தைக்கு 130 பாகைக்கு மேலிருக்க வேண்டிய கழுத்துக் கோணம் படிப்படியாகச் சரிந்து 90-ஐத் தொடும். தொடை எலும்பு ஆட்டிடையன் கோலைப்போல் மேற்புறம் வளைந்து நிற்கும். நடை வாத்து நடையாகும். இதை வெட்டித் திருத்தி ராடில் கோத்து நிறுத்த வேண்டும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெட்டு விழும். நீர்க்கட்டியில் இத்தகைய வளைவு அரிது; முறிந்த கழுத்து தவறாகக் கூடினால்தான் அது வரும். எனவே அதிகம் தவிர்க்கத்தக்கது நீர்க்கட்டியின் வளைவு. அதிகம் எதிர்பார்க்க வேண்டியது நாரெலும்பின் வளைவு.

நம்மூரில் உலோகத் துணைக்கு மேலும் ஒரு வாதம் உண்டு, அது வீட்டுக்குள்ளிருந்து வருவது. துணையின்றிச் சுரண்டி நிரப்பினால், மார்புக்குக் கீழிருந்து கால்வரை இறங்கும் மாவுக்கட்டில் பிள்ளை ஆறு வாரமோ அதற்கு மேலோ கிடக்க வேண்டும். தாம்பரத்துப் பக்கத்து வாடகை வீடுகளில் பாதி மாடியில், இந்தியக் கழிப்பறை, ஏப்ரல் வெயில், அம்மா வேலைக்குப் போனால்தான் குடும்பம் நகரும். அந்தக் கட்டோடு ஆட்டோவில் பிள்ளையை ஏற்றுவதே இரண்டு பேர் வேலை. பிளேட்டோ கம்பியோ கழுத்தைத் தாங்கினால் பிள்ளை சக்கர நாற்காலியில் உட்காரலாம், பள்ளிக்கும் சீக்கிரம் திரும்பலாம். மருத்துவ இதழ்களில் இது அரைவரிச் செய்தி. பெற்றோருக்கு இதுதான் ஆபரேஷனின் பாதி.

நிரப்பும் பொருளிலும் நம் நிலைமைக்கேற்ற தேர்வுகள் இருக்கின்றன. செயற்கைத் துகள்கள் விலை கூடியவை. பிள்ளையின் சொந்த ஃபிபுலாவுக்கு விலை இல்லை. எலும்பை மூடிய உறையை விட்டுவைத்து எடுத்தால் சிறு பிள்ளைகளில் அது திரும்ப வளர்வதும் உண்டு. ஆனால் கணுக்கால் பக்கத்துத் துண்டைக் குட்டையாக விட்டால் கணுக்கால் கோணும். தாயின் ஃபிபுலாவை மகனுக்கு வைத்த நேர்வுகளும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நீர்க்கட்டியில் இந்த எலும்பு பிள்ளையின் எலும்பாகவே மாறிவிடும் என்று நம்பலாம். நாரெலும்பில் அது கடனாக வாங்கிய தூண். எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே கணக்கு.

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, பார்க் நிலையத்துக்கு அருகே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எல்லாம் ஒரே மின்ரயில் தடத்தில் கோத்துக் கிடப்பது இப்பகுதியின் பேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. இந்த இரண்டு வசதிகளும் இரு நோய்களுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. நீர்க்கட்டிக் குடும்பத்துக்கு ரயில் சில மாதங்களுக்கும் காப்பீட்டு அட்டை ஓரிரு முறைக்கும் போதும். நாரெலும்புக் குடும்பம் அந்த ரயிலைப் பல ஆண்டுகள் பிடிக்க வேண்டும். பிள்ளை வளர வளர ராடு குட்டையாகும், நீளமானதாக மாற்ற வேண்டும், இடையில் முகவரி மாறும், அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். திட்டங்களை வகுப்பவர்கள் ஒரு ஆபரேஷனை அலகாக எண்ணுகிறார்கள். நாரெலும்பு நோயின் அலகு ஒரு பிள்ளைப்பருவம்.

காலம் இரண்டுக்கும் நண்பன்தான், வெவ்வேறு முறையில். எலும்பு வளர வளர நீர்க்கட்டி வளர்ச்சித் தகட்டிலிருந்து விலகிக் கீழிறங்கும். வளர்ச்சி நின்றபின் அது பெரும்பாலும் அடங்கிவிடும். நாரெலும்பு நோயும் வயதோடு தணிகிறது. கை கால் எலும்புகளில் வரவிருக்கும் நோய்ப்பகுதிகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு 14 வயதுக்குள் தோன்றிவிடும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2007-இல் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக வருவது குறைவு. ஆக, இரண்டிலும் மருத்துவரின் வேலை, வளர்ச்சி முடியும்வரை கழுத்தைக் காப்பாற்றிக் கரைசேர்ப்பது. இந்த ஒற்றுமையை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால், முதல் ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டி படத்தில் தெரியும்போது அவர்கள் மருத்துவமனை மாறி அலைய மாட்டார்கள்.

நோய்ப்பட்ட கழுத்தைத் தூக்கி எறிந்து செயற்கை மூட்டு வைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரிய செயற்கை எலும்புகளை நோயாளிக்கு அளவெடுத்துச் செய்து பொருத்தும் மரபு சென்னையில் மயில்வாகனன் நடராஜன் வழியாக வலுவாக வேரூன்றியது. அந்த நோய்களில் உயிரே பணயம். ஆகவே மூட்டைத் தியாகம் செய்வதற்கு நியாயம் உண்டு. நீர்க்கட்டியிலும் நாரெலும்பிலும் அந்தப் பணயம் இல்லை. நாரெலும்பு புற்றாக மாறுவது மிக அரிது. அந்த அரிய வாய்ப்பைக் கூட்டிவிடுவது கதிர்வீச்சு, அதனால்தான் இன்று யாரும் அதைத் தொடுவதில்லை. பிள்ளைக்கு இயற்கை தந்த மூட்டைக் காப்பதே இரண்டிலும் முதல் கடமை.

கடைசியாக உலோகம். நீர்க்கட்டி ஆறி, வளர்ச்சி முடியும் தறுவாயில், பிளேட்டையும் ஸ்க்ரூவையும் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். கம்பிகள் சில நேரம் அதற்கும் முன்பே. அவை உள்ளேயே இருந்தால் எலும்பு அவற்றை மூடி வளரும், பிற்காலத்தில் எடுப்பது கடினமாகும். நாரெலும்பில் ராடைக் கழற்றக் கூடாது. அதை எடுத்தால் அடுத்த முறிவுக்கு நாள் குறித்ததாகும். ஆனால் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயதில், ராடு உள்ளேயே இருக்க வேண்டியது என்பதற்கான காரணம் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத கோப்போடு இருபது வயதில் வேறு மருத்துவமனைக்குப் போனால், ‘பழைய ராடு, எடுத்துவிடலாம்’ என்று யாரேனும் சொல்லக்கூடும். எனவே பழைய எக்ஸ்ரேக்களையும் பயாப்ஸி முடிவையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளச் சொல்வது நாரெலும்புக் குடும்பங்களுக்குக் கட்டாயம். நீர்க்கட்டிக் குடும்பங்களும் அந்த உறையைப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரையாவது பத்திரப்படுத்தட்டும்; சிறிதாக மீந்த வெற்றிடம் வளர்கிறதா என்பதை அடுத்த படத்தோடு வைத்துப் பார்க்க முந்தைய படம் வேண்டும்.